பொருளியலா, வணிக நிர்வாகமா? தோட்டத்துப் பிள்ளைகள் தெரிவு செய்யும் முன்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் கலவானயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்பக் கேட்கும். வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்த பிள்ளை பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எதை முதலில் போடுவது? பொருளியலைச் சிறப்புப் பாடமாகப் படிப்பதா, வணிக நிர்வாகம், முகாமைத்துவம் என்ற பெயரில் வரும் பட்டத்துக்குப் போவதா?

நகரத்துப் பிள்ளைக்கு இது விருப்பம் பற்றிய கேள்வி. குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் தோட்டத்துப் பிள்ளைக்கு இது நான்கு ஆண்டுகள் வீட்டுக்குச் சம்பளம் வராமல் இருப்பது பற்றிய கேள்வி. அம்மாவின் நாட்சம்பளத்திலும் அடகுக் கடையில் இருக்கும் தோட்டிலும் படிப்பு நடக்கும்போது, பட்டம் முடிந்து எத்தனை மாதத்தில் வேலை என்பதை யாரும் அற்பமாகப் பேச முடியாது.

இரண்டு பட்டங்களும் எதைக் கற்றுத் தருகின்றன, எங்கே படிக்கலாம், எந்தக் கதவுகளைத் திறக்கின்றன, எதைப் பார்த்துத் தெரிவு செய்வது என்பவற்றை இக்கட்டுரை ஒழுங்காகச் சொல்ல முயல்கிறது. சப்ரகமுவ மாகாணத்தை மையமாக வைத்து எழுதப்பட்டாலும், வடக்கு கிழக்கில் உள்ள பிள்ளைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். 1977 இலும் 1981 இலும் நடந்த வன்முறைகளின் பின் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய், அங்கே போரிலும் அகப்பட்ட குடும்பங்கள் பல. ஒரே குடும்பத்தின் ஒரு கிளை கலவானயிலும் மறு கிளை வன்னியிலும் இருப்பது இன்றும் உண்டு. இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பரீட்சைதான் எழுதுகிறார்கள்.

ஒரே கொழுந்து, இரண்டு கேள்விகள்

இரண்டு துறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டு வாசலில் இருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

கலவானப் பகுதி தாழ்நிலத் தேயிலைப் பகுதி. பெரிய தோட்டங்களோடு சிறுபற்றுத் தேயிலை நிலங்களும் இங்கே நிறைய உள்ளன. சிறுபற்று நிலத்தில் பறித்த பச்சைக் கொழுந்தைத் தொழிற்சாலை வாங்கும்போது கொடுக்கும் விலை, கொழும்புத் தேயிலை ஏலத்தில் கிடைக்கும் விலையை அடிப்படையாக வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்த வருமானத்தில் 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு என்பது நடைமுறையில் உள்ள சூத்திரம்.

வணிக நிர்வாகம் படித்தவர் இந்த 32 பங்கைக் கையில் எடுத்துக்கொண்டு யோசிப்பார். விறகுக்கு எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, வங்கிக் கடனின் வட்டி எவ்வளவு, எந்தத் தரத்துத் தேயிலையைச் செய்தால் ஏலத்தில் கூடுதல் விலை கிடைக்கும், இந்த மாதம் கொழுந்துக்காரருக்குக் காசு கொடுக்கக் கையில் பணம் இருக்கிறதா என்பவை அவருடைய கேள்விகள். தொழிற்சாலை நட்டப்படாமல் ஓட வேண்டும்.

பொருளியல் படித்தவர் சூத்திரத்தையே கேள்வி கேட்பார். ஏன் 68? அந்த வீதம் மாறினால் கொழுந்தின் தரம் கூடுமா, குறையுமா? ஒரு பிரதேசத்தில் ஒரே ஒரு தொழிற்சாலை மட்டும் கொழுந்து வாங்கினால் விற்பவருக்கு என்ன ஆகும்? ரூபாயின் பெறுமதி விழுந்தால் ஏற்றுமதி வருமானத்தில் யாருக்கு எவ்வளவு போகிறது?

நாட்சம்பளத்தையும் இப்படியே பார்க்கலாம். 2021 இல் சம்பள நிர்ணய சபை ஊடாகத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயானது. 2024 இல் 1700 ரூபாய் என அரசு வர்த்தமானி வெளியிட்டது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. அதே ஆண்டு செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் என்று முடிவானது. வணிக நிர்வாகம் படித்தவர் ஒரு கிலோ தேயிலையின் உற்பத்திச் செலவு எவ்வளவு உயரும், ஒரு தொழிலாளி ஒரு நாளில் பறிக்கும் கொழுந்தின் அளவு என்ன, செலவை வேறு எங்கே குறைக்கலாம் என்று கணக்குப் போடுவார். பொருளியல் படித்தவரோ, விலையை உலகச் சந்தை தீர்மானிக்கும்போது கூடிய சம்பளத்தின் சுமை யார் தலையில் விழும், லயத்தில் குடியிருப்பவருக்கு வேறு முதலாளியிடம் போகும் வழி இல்லாதபோது சம்பளம் எப்படித் தீர்மானமாகிறது, சம்பளம் உயர்ந்தால் வேலைநாட்கள் குறையுமா என்று ஆராய்வார்.

வடக்கில் இதே வேறுபாட்டை நுண்கடனில் காணலாம். போருக்குப் பின் கணவனை இழந்த பெண்களின் வாசலுக்கு வாராவாரம் வந்த கடன் வசூலிப்பவரை மறக்காதவர் பலர். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த நுண்கடன்களை நீக்க அரசு முன்வந்தது. கடன் கொடுத்த நிறுவனத்தில் இருப்பவருக்கு அது மீட்பு வீதம் பற்றிய பிரச்சினை. வருமானம் இல்லாத ஊரில் கடன் மட்டும் ஏன் இவ்வளவு எளிதாகக் கிடைத்தது என்பது பொருளியலாளரின் கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு நிறுவனத்தை உள்ளே இருந்து நடத்தக் கற்பது வணிக நிர்வாகம். அந்த நிறுவனமும் அதில் உழைப்பவரும் அதற்கு வெளியே உள்ள அரசும் சந்தையும் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்று கேட்கக் கற்பது பொருளியல். உங்கள் மனம் எந்தக் கேள்வியின் பக்கம் தானாகப் போகிறது என்று பாருங்கள். அது முதல் அடையாளம் மட்டுமே. முடிவுக்கு இன்னும் சில விடயங்களைப் பார்க்க வேண்டும்.

வகுப்பறையில் என்ன இருக்கும்

வணிக நிர்வாகப் பட்டத்தில் நிதிக் கணக்கியல், செலவுக் கணக்கியல், சந்தைப்படுத்தல், மனிதவள முகாமைத்துவம், நிதி முகாமைத்துவம், வணிகச் சட்டம், தகவல் தொழில்நுட்பம், வணிகப் புள்ளிவிபரவியல் என்று பல பாடங்கள் பரவலாக வரும். பொருளியலும் முதல் ஆண்டில் ஓரளவு வரும். பிற்பகுதியில் கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம் போன்ற ஒன்றில் சிறப்புத் தேர்ச்சி. பல பீடங்களில் நிறுவனம் ஒன்றில் சில மாதத் தொழிற்பயிற்சியும் உண்டு.

பொருளியல் சிறப்புப் பட்டத்தில் பாடங்கள் குறைவு, ஆழம் கூட. நுண்பொருளியல், பேரினப் பொருளியல், பணமும் வங்கியும், சர்வதேச வர்த்தகம், பொது நிதி, அபிவிருத்திப் பொருளியல் ஆகியவற்றோடு கணிதமும் புள்ளிவிபரவியலும் ஒவ்வொரு ஆண்டும் தொடர்ந்து வரும். இறுதி ஆண்டில் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும்: 'சிறப்பு'. கலைப் பீடத்துக்குத் தெரிவாகும் மாணவர் முதல் ஆண்டில் பொருளியலோடு வேறு பாடங்களும் படிப்பார். அந்த ஆண்டின் பெறுபேற்றைக் கொண்டே நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவு நடக்கும். தெரிவாகாதவர் மூன்று ஆண்டுப் பொதுப் பட்டத்தில் பொருளியலை ஒரு பாடமாக மட்டும் படித்து வெளியேறுவார். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் பொதுப் பட்டம் ஐந்தாம் மட்டம், சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம். தொழில் சந்தையில் இடைவெளி அதைவிடப் பெரியது. "பொருளியல் படிக்கிறேன்" என்று சொல்லிக் கலைப் பீடத்துக்குப் போவதில் உள்ள முதன்மையான ஆபத்து இதுதான். முதல் ஆண்டில் கவனம் தவறினால் நீங்கள் தெரிவு செய்த பட்டம் உங்கள் கைக்கு வராது.

வணிக நிர்வாகத்தில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் விரும்பிய சிறப்புத் துறை கிடைப்பது அங்கும் போட்டிதான். கணக்கியல், நிதி போன்றவற்றுக்கே பெரும்பாலும் கூடுதல் பேர் முண்டியடிப்பார்கள்.

முடிவு உண்மையில் எப்போது எடுக்கப்படுகிறது

பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும்போது இந்தத் தெரிவைச் செய்வதாக நினைக்கிறோம். உண்மையில் பாதி முடிவு சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்றே எடுக்கப்பட்டுவிடுகிறது.

முகாமைத்துவம், வணிகவியல் ஆகியவற்றுக்குப் போக உயர்தரத்தில் வர்த்தகப் பாடங்கள் தேவை: கணக்கியல், வணிகக் கல்வி, பொருளியல். பொருளியல் பாடத்தையோ கலைப் பிரிவு மாணவரும் எடுக்கலாம். ஆகவே வர்த்தகப் பிரிவில் படித்தவருக்கு இரண்டு கதவுகளும் ஓரளவு திறந்திருக்கும். கலைப் பிரிவில் படித்தவருக்கு முகாமைத்துவக் கதவு பெரும்பாலும் மூடிவிடும்.

தோட்டப் பகுதியில் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அருகிலுள்ள தமிழ்மொழிப் பாடசாலையில் கணக்கியல் கற்பிக்க ஆசிரியர் இல்லை என்றால், பிள்ளைக்கு விருப்பம் இருந்தும் கலைப் பிரிவுதான் மிஞ்சும். வர்த்தகம் படிக்க வேறு நகருக்குப் போனால் பஸ் காசு அல்லது உறவினர் வீடு. இந்த ஒரு தீர்மானம் அடுத்த ஆறு ஆண்டுகளைத் தீர்மானிக்கும் என்பதைப் பெற்றோருக்குப் பத்தாம், பதினோராம் ஆண்டிலேயே சொல்ல வேண்டியது ஆசிரியர்களின் கடமை. தம்பி தங்கைகள் இப்போது அந்த வயதில் இருந்தால், அவர்களுக்காகவும் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

கலைப் பிரிவிலேயே படிக்க நேர்ந்தால் பொருளியலை ஒரு பாடமாக எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஒவ்வொரு கற்கைநெறிக்கும் எந்தப் பாடச் சேர்க்கை தேவை என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் மாணவர் கைநூலில் உள்ளது. அது தமிழிலும் கிடைக்கிறது. விதிகள் அவ்வப்போது மாறுவதால் அண்ணன் காலத்துக் கைநூலை நம்ப வேண்டாம்.

மாவட்டமும் இசட் புள்ளியும்

பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் சனத்தொகைக்கு ஏற்ப மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. இரத்தினபுரி அந்தப் பட்டியலில் உண்டு. வடக்கின் ஐந்து மாவட்டங்களும் கிழக்கின் மூன்று மாவட்டங்களும் உண்டு. ஆனால் சப்ரகமுவ மாகாணத்தின் மற்ற மாவட்டமான கேகாலை இல்லை. ஒரே மாகாணத்தில், ஒரே மாதிரி லயத்தில் வளர்ந்த இரண்டு பிள்ளைகள் ஒரே இசட் புள்ளியைப் பெற்று, ஒருவர் தெரிவாகி மற்றவர் தவறுவது இதனால் நடக்கக்கூடியது.

இசட் புள்ளி என்பது நீங்கள் பெற்ற புள்ளி, அதே பாடத்தை எழுதிய மற்றவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதன் அளவு. முந்திய ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளை உங்கள் மாவட்டத்துக்கு எடுத்துப் பாருங்கள். பொதுவாகக் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர போன்றவற்றின் முகாமைத்துவத்துக்கு உயர்ந்த புள்ளி தேவைப்படும். தூரத்துப் பல்கலைக்கழகங்களில் குறைந்த புள்ளிக்கும் இடம் கிடைக்கும். விருப்ப வரிசையை நிரப்பும்போது மேலே ஆசைப்பட்டதையும் நடுவில் கிடைக்கக்கூடியதையும் கீழே பாதுகாப்பானதையும் போடுவது விவேகம். ஒரு தடவை பதிவு செய்தபின் கற்கைநெறியை மாற்றுவது எளிதல்ல.

எங்கே படிக்கலாம்

கலவானப் பிள்ளைக்குத் தன் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது: பலாங்கொடைக்கு அப்பால், பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகம். அங்கே முகாமைத்துவக் கற்கைகள் பீடமும் உண்டு. சமூக விஞ்ஞானங்கள், மொழிகள் பீடத்தில் பொருளியல், புள்ளிவிபரவியல் துறையும் உண்டு. இரண்டு பட்டங்களையும் ஒரே வளாகத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கற்பித்தல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

பேராதனையிலும் கொழும்பிலும் பொருளியல் கலைப் பீடங்களில் கற்பிக்கப்படுகிறது. தமிழ்மொழி மூலம் கலைப் பட்டம் படிக்கும் வசதி இவ்விரண்டிலும் நீண்ட காலமாக உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பேராதனைக்கு வேறொரு பொருத்தமும் இருக்கிறது. பெருந்தோட்டப் பொருளாதாரத்தை ஆராய்ந்த பேராசிரியர் மு. சின்னத்தம்பி அங்கே பொருளியல் துறையில் பணியாற்றியவர். நம் வாழ்க்கையே ஆய்வுப் பொருளாகலாம் என்பதற்கு அவர் ஒரு முன்னுதாரணம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கலைப் பீடத்திலும், கணக்கியல், நிதி முகாமைத்துவம், சந்தைப்படுத்தல், மனிதவளம் ஆகியவை முகாமைத்துவக் கற்கைகள், வணிக பீடத்திலும் உள்ளன. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் துறை வணிக முகாமைத்துவ பீடத்துக்குள்ளேயே இருப்பது கவனிக்கத்தக்கது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இரு வழிகளும் உண்டு. 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் வணிகக் கற்கைகள் பீடம் உள்ளது. ஸ்ரீ ஜயவர்தனபுரவின் முகாமைத்துவக் கற்கைகள், வணிக பீடத்தில் 'வணிகப் பொருளியல்' என்றே ஒரு துறை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

கணிதமும் மொழியும்

"எனக்குக் கணக்கு வராது, அதனால் பொருளியல் எடுக்கிறேன்" என்று சொல்லும் மாணவர்கள் உண்டு. இது தலைகீழான முடிவு. இரண்டு பட்டங்களில் கணிதம் ஆழமாகத் தேவைப்படுவது பொருளியலுக்குத்தான். வணிக நிர்வாகத்தில் கூட்டல், கழித்தல், வீதம், வட்டி, பொறுமை இருந்தால் கணக்கியலைச் சமாளிக்கலாம். பொருளியலில் வகையீடும் புள்ளிவிபரவியலும் வரும். கணிதத்தைத் தவிர்த்துப் பொருளியல் படித்து முடித்தவர் கையில் ஒரு கலைப் பட்டம் இருக்கும். ஆராய்ச்சி நிறுவனமோ மத்திய வங்கியோ கேட்கும் திறமை இருக்காது. பிரித்தானியாவிலும் கனடாவிலும் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் பொருளியலுக்குச் சேரும்போதே பாடசாலைக் கணிதத்தை எதிர்பார்ப்பதும் இதனால்தான்.

மொழியில் நிலைமை வேறு. முகாமைத்துவ பீடங்களில் கற்பித்தல் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழில் உயர்தரம் படித்துவிட்டு முதல் நாளே ஆங்கில விரிவுரையில் உட்காரும் பிள்ளை முதல் அரையாண்டில் திணறுவது இயல்பு. திறமைக் குறைவு என்று அதை எண்ண வேண்டாம். பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை பல மாத இடைவெளி கிடைக்கிறது. அதை ஆங்கிலத்துக்கு முழுதாகக் கொடுத்தால் அந்தத் திணறல் பாதியாகும். தமிழில் பொருளியல் படிக்கப் போகிறவருக்கும் இது பொருந்தும். மூன்றாம், நான்காம் ஆண்டு நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்.

சப்ரகமுவப் பிள்ளைகளுக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. சிங்களம் காதிலும் வாயிலும் பழகியது. மும்மொழியும் தெரிந்த கணக்காளருக்கோ வங்கி அலுவலருக்கோ நாட்டின் எந்தப் பகுதியிலும் மதிப்பு உண்டு.

வேலைகள்: எந்தக் கதவு யாருக்கு

*இரண்டு பட்டங்களுக்கும் பொதுவானவை:* இலங்கை நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சைக்கு எந்த அங்கீகரிக்கப்பட்ட பட்டமும் போதும். வங்கிகள் பயிலுநர்களை இரண்டு துறைகளிலிருந்தும் எடுக்கின்றன. பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கும் இருவரும் போகலாம். தோட்டப் பாடசாலைகளில் வர்த்தகப் பாட ஆசிரியரின் தேவை எவ்வளவு என்பதை இதைப் படிப்பவர்களே அறிவார்கள்.

*வணிக நிர்வாகத்துக்குச் சாதகமானவை:* கணக்காய்வு நிறுவனங்கள், தனியார் கம்பனிகளின் நிதி, மனிதவள, விற்பனைப் பிரிவுகள், ஏற்றுமதி நிறுவனங்கள், காப்புறுதி. இலங்கைக் கணக்காளர் சேவைக்கு வணிகவியல், கணக்கியல், முகாமைத்துவம் போன்ற பட்டமோ தொழில்சார் கணக்கியல் தகுதியோ கேட்கப்படுவது வழக்கம். தோட்ட நிர்வாகத்தில் ஆர்வம் உள்ளவர்கள் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகத்தின் கற்கைகளையும் பார்க்கலாம். துரை பங்களாவுக்குள் நம் பிள்ளை முகாமையாளராகப் போவது இனியும் அதிசயமாக இருக்கத் தேவையில்லை.

*பொருளியலுக்குச் சாதகமானவை:* மத்திய வங்கியின் ஆய்வுப் பிரிவுகள், திட்டமிடல் அலுவலகங்கள், கொள்கைக் கற்கைகள் நிறுவகம் போன்ற ஆய்வு நிறுவனங்கள், சர்வதேச மற்றும் உள்ளூர் அபிவிருத்தி நிறுவனங்கள், பல்கலைக்கழக விரிவுரை, ஊடகம். மத்திய வங்கியின் ஆளுநராக 2016 முதல் 2019 வரை இருந்த இந்திரஜித் குமாரசுவாமி பொருளியல் படித்தவர். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்ததும், அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமானதும், அடுத்த ஆண்டு சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டொலர் திட்டம் வந்ததும் நாம் அனைவரும் கடந்து வந்தவை. அந்த முடிவுகள் பேசப்பட்ட மேசைகளில் தோட்டத்தையும் வன்னியையும் உள்ளிருந்து அறிந்த பொருளியலாளர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கேள்வி இன்னும் நிற்கிறது.

ஆனால் இந்தக் கதவுகள் எண்ணிக்கையில் குறைவு. பெரும்பாலானவை முதுமாணிப் பட்டத்தையும் எதிர்பார்க்கும். 2017 இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரத்தில் அமர்ந்து போராடியதை மறக்க முடியாது. அரச நியமனம் ஒன்றை மட்டும் நம்பிப் பட்டம் படிப்பது எந்தத் துறையிலும் ஆபத்து. பொதுக் கலைப் பட்டத்தில் அந்த ஆபத்து அதிகம்.

முகாமைத்துவப் பட்டமும் தானாக வேலை தராது. ஒவ்வொரு ஆண்டும் எல்லாப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் அந்தப் பட்டத்தோடு வெளியேறுபவர்கள் ஏராளம். அவர்களில் வேலைக்கு விரைவாகப் போவது பெரும்பாலும் படிக்கும்போதே தொழில்சார் பரீட்சைகளை எழுதியவர்கள்தான்.

பின்னால் எதைச் சேர்த்துக்கொள்ளலாம்

இந்தத் தெரிவில் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. இன்று விட்டதை நாளை பிடிக்க முடியுமா?

கணக்கியலைப் பட்டத்துக்கு வெளியே கற்க வழிகள் உள்ளன. ஏ.ஏ.ரி. பரீட்சைகளைத் தமிழிலும் எழுதலாம். இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் படிப்பு, முகாமைத்துவக் கணக்கியல் படிப்புகள், வங்கியாளர் நிறுவகத்தின் பரீட்சைகள் ஆகியவற்றை எந்தப் பட்டத்தோடும் சமாந்தரமாகச் செய்யலாம். வேலைக்குப் போய்ச் சில ஆண்டுகளின் பின் வணிக நிர்வாக முதுமாணியும் படிக்கலாம். அதற்குப் பெரும்பாலும் எந்தப் பட்டமும் போதும். ஆகவே இன்று பொருளியல் படிப்பவர் நாளை வணிகத்தைச் சேர்த்துக்கொள்வது சாத்தியம்.

எதிர்த்திசை கடினம். வணிக நிர்வாகம் படித்தவர் முப்பது வயதில் பொருளியல் முதுமாணிக்குப் போக விரும்பினால் கணிதமும் கோட்பாடும் தடையாக நிற்கும். முடியாதது என்றில்லை, விலை கூட.

இதனால் எல்லோரும் பொருளியலே படியுங்கள் என்று சொல்லிவிட முடியாது. பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்பது, பின்னால் வரை காத்திருக்க வீட்டில் வசதி உள்ளவரின் வாதம். பட்டம் முடிந்த ஆறு மாதத்தில் வீட்டுக்குப் பணம் அனுப்பியே ஆக வேண்டும் என்றால், கணக்கியலைச் சிறப்பாகக் கொண்ட வணிகப் பட்டமும் அதோடு ஒரு தொழில்சார் தகுதியும் தெளிவான பாதை. அதைத் தெரிவு செய்வதில் எந்தக் குறைவும் இல்லை.

செலவு

அரச பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. தங்குமிடம், உணவு, பயணம், மடிகணினி ஆகியவையே செலவு. மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5000 ரூபாயிலிருந்து 7500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பேசரி உதவித்தொகையும் உண்டு. இரண்டுக்கும் குடும்ப வருமான விபரம் முக்கியம் என்பதால் கிராம சேவையாளர், தோட்ட அலுவலகம் ஆகியவற்றின் ஆவணங்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். தோட்டத்தில் பெயர், பிறந்த திகதி எழுத்துப் பிழையோடு பதிவாகியிருந்தால் அதைத் திருத்துவதற்கே மாதங்கள் போய்விடும்.

இசட் புள்ளி போதாமல் போனால் கதை முடிவதில்லை. திறந்த பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவப் பட்டமும், சமூக விஞ்ஞானப் பட்டத்தில் பொருளியலும் வேலை செய்துகொண்டே படிக்கலாம். கட்டணத்தைத் தவணையாகத் திட்டமிடலாம். அங்கீகாரம் பெற்ற அரச சார்பற்ற நிறுவனங்களில் படிக்க அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் 2017 முதல் உள்ளது. அதில் வணிக முகாமைத்துவக் கற்கைகள் நிறைய. வட்டி இல்லை என்றாலும் கடன் கடன்தான். கையெழுத்திடும் முன், அந்தப் பட்டத்தை மானியங்கள் ஆணைக்குழுவோ கல்வி அமைச்சோ அங்கீகரித்துள்ளதா என்பதை விளம்பரத்தை நம்பாமல் நேரில் உறுதிசெய்யுங்கள்.

ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் மாமா, சித்தி பணமும் அனுப்புவார்கள், ஆலோசனையும் அனுப்புவார்கள். பணத்தை நன்றியோடு வாங்குங்கள். ஆலோசனையை இங்குள்ள நிலைமையோடு பொருத்திப் பாருங்கள். அங்கே பொருளியல் பட்டதாரிக்கு இருக்கும் சந்தை இங்கே இல்லை.

விண்ணப்பம் நிரப்பும் முன் கேட்க வேண்டியவை

- பட்டம் முடிந்து எத்தனை மாதம் வருமானம் இல்லாமல் வீடு தாங்கும்? ஒரு ஆண்டுக்குக் குறைவு என்றால் வணிகப் பட்டத்தின் பக்கம் சாயுங்கள்.
- சாதாரண தரக் கணிதத்தில் என்ன சித்தி? கணிதத்தில் உழைக்க மனம் உண்டா? இல்லை என்றால் பொருளியல் சிறப்பு வேண்டாம்.
- ஒரு விடயம் ஏன் நடந்தது என்று நீண்ட கட்டுரை படிக்கப் பிடிக்குமா, ஒரு கணக்கு ஐந்தொகையில் சமப்படும்போது மகிழ்ச்சியா?
- போகப் போகும் பீடத்தில் சிறப்புப் பட்டத்துக்கு எத்தனை பேர் எடுக்கப்படுகிறார்கள், எந்த மொழியில்? அங்கே படிக்கும் ஒருவரையாவது தொலைபேசியில் பிடித்துக் கேளுங்கள்.
- நான்கு ஆண்டுகளில் பட்டத்தோடு சமாந்தரமாக எந்தத் தொழில்சார் பரீட்சையை முடிக்கப் போகிறீர்கள்?
- மேற்படிப்பு எண்ணம் உண்டா? வெளிநாட்டுப் புலமைப்பரிசிலில் ஆய்வுப் படிப்புக்குப் போக விரும்பினால் பொருளியல் சிறப்பும் நல்ல வகுப்புச் சித்தியும் உதவும்.

இக்கேள்விகளுக்கான பதில்களைத் தாளில் எழுதி, அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்களுக்குப் பட்டத்தின் பெயர் புரியாமல் இருக்கலாம். ஆனால் வீடு எத்தனை மாதம் தாங்கும் என்பதை அவர்களைவிடத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.

நம் சமூகத்துக்கு இரண்டு வகையினரும் தேவை. சிறுபற்று நிலக்காரர் ஒன்றுசேர்ந்து ஒரு கொழுந்து சேகரிப்பு நிலையத்தையோ சங்கத்தையோ நடத்த முயன்றால், கணக்கை நேர்மையாகவும் சரியாகவும் எழுதத் தெரிந்தவர் அவர்களுக்கு வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தையில் கம்பனிகள் வைக்கும் உற்பத்திச் செலவுக் கணக்கை வரிவரியாக வாசித்து, அதில் எது சரி, எது மிகை என்று தொழிலாளர் பக்கம் நின்று சொல்லத் தெரிந்தவரும் வேண்டும். முதல் வேலைக்கு ஒரு கணக்காளர் போதும். இரண்டாவதற்குப் பொருளியலாளரும் கணக்காளரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கும்.